அத்தானின் இடது கை

என் அத்தானுக்கு வாய் நீளம். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதைச் சொல்லித்தான் அவரை வம்புக்கு இழுப்பேன். அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கண் காகிதத்தில், கை மெஷினில், வாய் எதிரில் நிற்பவரிடம். ஒரு நாள் அதிகாரி, "ஏன்யா லேட்டு?" என்று கத்தினாராம். "கிளம்பும்போதே லேட்டு சார், வழியில புதுசா ஒண்ணும் ஆகல" என்றாராம், தட்டுவதை நிறுத்தாமலே. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

அக்கா மட்டும் என்ன சளைத்தவளா? மற்ற வீடுகளில் சாப்பிட்ட பின் டிவி பார்ப்பார்கள். இவர்கள் சண்டை போடுவார்கள்.

போன வருடம் அத்தானுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பேசும் மெஷின் கொடுத்தார்கள். மேலே சின்னத் திரை, கீழே கீபோர்டு. தட்டி முடித்து, வலது ஓரத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் அது பேசும். ஆனால் அதிலிருந்த எழுத்து வரிசை வேறு. காலமெல்லாம் பழைய டைப்ரைட்டர் வரிசையில் ஓடிய விரல்கள், 'க' எங்கே, 'ப' எங்கே என்று தடவின. அவர் ஒரு பதிலைத் தேடி முடிப்பதற்குள் அக்கா அந்தச் சண்டையில் ஜெயித்து, அடுப்பைத் துடைத்து, அடுத்த சண்டைக்கு வந்திருப்பாள். முதலில் அவளுக்குக் குஷிதான். பிறகு ஒரு நாள் போனில் அழுதாள்.

"மெஷினத் தொடவே மாட்டேங்கறாருடி. தலைய ஆட்டறாரு, அவ்வளவுதான். இப்படியே ஊமையா உக்காந்துடுவாரோன்னு பயமா இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேலேயேதான். என் பிழைப்பே இதுதானே! கம்ப்யூட்டருக்காக எழுதிய கீபோர்டு கோப்புகளை, கடைகளில் பில் போடுகிற குட்டி மெஷின்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த எழுத்து வரும் என்று சொல்வதுதான் அந்தக் கோப்பு. கம்ப்யூட்டரில் அது காலை நீட்டிப் படுத்திருக்கும்; குட்டி மெஷினில் அவ்வளவு இடம் ஏது? பெரிய வீட்டுச் சாமான்களை ஒற்றை அறைக்குக் கொண்டுபோகிற வேலை. வேண்டாததைத் தூக்கி எறிய வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி.

டைப்ரைட்டர் வரிசைக் கோப்பு என்னிடமே இருந்தது. நீள நீளமான பெயர்களை எண்களாக்கினேன். யாரும் தொடாத குறியீடுகளை வெட்டினேன். எழுத்தே இல்லாத வெற்றுப் பொத்தான்களை ஈவு இரக்கமில்லாமல் கடாசினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானின் மெஷினில் ஏற்றி, சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

"தட்டிப் பாருங்க அத்தான்."

அடேயப்பா! விரல்கள் பறந்தன. திரையில் ஒரு முழு வாக்கியம், ஒரு பிழை இல்லை. முடித்ததும் அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து, வலப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியது. மெஷினின் இடது மூலையை ஒட்டி இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது.

அக்கா துணியோடு ஓடிவந்தாள். "கொஞ்சம் பாத்து செய்யக் கூடாதா?"

அத்தான் பதிலைத் தட்டினார். மறுபடி அதே தள்ளு. நிரப்பி வைத்த டம்ளர் மறுபடி காலி. தட்டிவிட்டு அக்காவையே பார்த்தார். சத்தம் வரவில்லை. பச்சைப் பொத்தான் ஞாபகம் வந்து அதைத் தேடுவதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் மெஷினை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுத்தெல்லாம் சரியாக வந்தும் என்ன பிரயோஜனம்?

இந்தத் தள்ளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று மண்டையைக் குடைந்தேன். அவருடைய அலுவலகத்தில்! வரி முடியப் போகிறதென்று மணி அடித்ததும், டைப்ரைட்டரின் இடது மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைத் தள்ளுவார். அடுத்த வரி வரும். அந்தக் கைக்கு ஒரு பேச்சு முடிவது அங்கேதான். இந்த மெஷினிலும் அதே மூலையில் ஒரு பொத்தான் உண்டு. நான் கடாசிய வெற்றுப் பொத்தான்களில் அதுவும் ஒன்று. என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ! உடனே லேப்டாப்பைத் திறந்து, கோப்பில் அந்தப் பொத்தானைத் திரும்பச் சேர்த்தேன். எழுத்துக்குப் பதிலாக அதில் 'பேசு' என்ற கட்டளையை வைத்து, மறுபடி மெஷினில் ஏற்றினேன்.

"அத்தான், தள்ளாதீங்க. அந்த மூலையில ஒரு தட்டு தட்டுங்க, போதும்."

அதற்குள் அக்கா மறுபடி துணியோடு வந்து ஆரம்பித்தாள். "மேசையெல்லாம் தண்ணி. கைய வெச்சுகிட்டு சும்மா இருங்கன்னா இருக்கறதில்ல. இந்த வீட்ல நான் சொல்றத யாராவது காதுல வாங்கறீங்களா?"

அவள் மூச்சு வாங்குவதற்குள் விரல்கள் ஓடின, இடது கை எழுந்து மூலையில் விழுந்தது. செய்தி வாசிக்கிற குரலில் மெஷின் சொன்னது:

"இத்தனை மாசமா எனக்கு வேற என்ன வேலை?"

அக்கா துணியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டக் கொட்டச் சிரித்தாள். அத்தானின் தோள்கள் சத்தமே இல்லாமல் குலுங்கின. அவள் துணியை என் மடியில் எறிந்துவிட்டு, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்படியா சேதி? ஆபரேஷனுக்கு முன்னாடி பாதில நின்ன சண்டை ஒண்ணு இருக்கு. அதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

அத்தானின் இடது கை அப்போதே மூலைக்குப் போய்விட்டது. மேசையை நான்தான் துடைத்தேன்.