நான் எழுதிய பார்வை

நான் பொய் எழுதினேன். ஒரு குழந்தை தன் தாயின் முகத்தைப் பார்த்தாள் என்று, நடக்காத ஒன்றை நடந்ததாக, என் கையெழுத்தில் எழுதினேன். அந்தத் தாய் அதை நம்பினாள். அந்த நம்பிக்கையால் துன்பப்பட்டவள் அந்தக் குழந்தை.

இத்தனை ஆண்டுகள் ஊருக்குச் சொல்லாமல் ஏன் மறைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை, அதனால் மறைத்தேன்... அவ்வளவுதான். இப்போது சொல்லத் தொடங்கியதும், அடைத்துக் கிடந்த அறையின் சன்னலைத் திறந்ததுபோல் இருக்கிறது. இந்த ஆறுதலுக்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆயினும் அது வருகிறது.

சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு திருவண்ணாமலைக்கு வந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. செங்கம் சாலையில், ஒரு வாடகை வீட்டில் நடந்த சிறு மையத்தில் எனக்கு வேலை. ஆட்டிசம் உள்ள ஒன்பது குழந்தைகள் அங்கே வந்தார்கள். அந்தச் சொல்லை ஊரில் அறிந்தவர் வெகு சிலர். "காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்" என்றுதான் ஆட்டோக்காரர்கள் எங்களுக்கு வழி சொல்வார்கள்.

அதே சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார் ஹன்னா என்ற ஜெர்மானியப் பொறியாளர். காலையில் தியானம், மதியத்தில் ஸ்குரூடிரைவர். அவர் தாமே செய்த ஒரு ரோபோவை எங்கள் மையத்துக்குக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம், வட்ட முகம், இரண்டு விளக்குக் கண்கள். கழுத்து திரும்பும், ஒரு கை உயரும், பதிவு செய்த என் குரலில் "வணக்கம்" சொல்லும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது அதற்கு.

அந்தக் குறைதான் அதன் சிறப்பு. மனித முகம் ஓயாமல் மாறுகிறது: புருவம், உதடு, பார்வை... அந்த வேகத்தில் இக்குழந்தைகளில் சிலர் திணறிப்போகிறார்கள். இந்த ரோபோ பொம்மையின் முகமோ மாறாது. கை ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்குத்தான் எழும். அந்த நிலையான முகத்தோடு பழகிய குழந்தை மெல்ல மெல்ல மனிதர்கள் பக்கமும் திரும்பும் என்பது எங்கள் நம்பிக்கை. நான் ஒரு துணித்திரைக்குப் பின்னால் அமர்ந்து ரிமோட்டால் அதை இயக்குவேன். திரையின் துளைவழியே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன்.

சங்கீதாவுக்கு அப்போது ஏழு வயது. அவள் தாய் பச்சையம்மாள், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சோடாக்கடை வைத்திருந்தாள். தினமும் ஷேர் ஆட்டோவில் மகளை அழைத்து வருவாள்.

முதல் வாரம் முழுதும் சங்கீதா மேசைக்கடியிலேயே இருந்தாள். மூன்றாம் வாரம் பொம்மை கையை உயர்த்தியது, அவளும் உயர்த்தினாள்! பிறகு காத்திருக்கக் கற்றாள். நான் வேண்டுமென்றே தாமதித்தால், அதன் கையை ஒரு விரலால் தொட்டு நினைவூட்டுவாள்: உன் முறை. இதில் பொய் இல்லை. இவை யாவும் நடந்தன.

மனிதரிடம் மட்டும் திரும்பவில்லை. பச்சையம்மாள் எத்தனை முறை அழைத்தாலும் அந்தக் கண்கள் அவள் தோளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றன.

"பொம்மையைப் பாத்துப் பொறாமைப்படற பொம்பள ஊர்லயே நான் ஒருத்திதான் டீச்சர்," என்பாள் சிரித்துக்கொண்டே. "பேசாம நானும் மூஞ்சிக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு ஒக்காந்துடட்டா?"

ஹன்னா மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். பொம்மையிடம் கற்றது மனிதரிடம் ஒருமுறையேனும் வெளிப்பட்டால் ரோபோ எங்களிடம் இருக்கும். இல்லையேல் சென்னையில் வேறொரு மையத்துக்குப் போகும். குறிப்பேட்டில் அதற்கென ஒரு பத்தி இருந்தது. ஒன்பது பெயர்களுக்கு எதிரேயும் அது வெறுமையாகக் கிடந்தது.

வேறு இரண்டு குழந்தைகள் அப்போதுதான் பொம்மையிடம் நெருங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை எண்ணினேன். ஒரு வரியால் யாருக்கு என்ன கெடுதி வந்துவிடும் என்று எண்ணினேன். விளைவுகளை எடைபோடுவது என் படிப்பு, என் குணம், என் பெருமை... எடைபோட்டுவிட்டு எழுதினேன். "சங்கீதா, வணக்கம் முடிந்ததும், பொம்மையிடமிருந்து திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். மூன்று நொடி."

மூன்று நொடி! யாரும் கேட்காத அந்தக் கணக்கை ஏன் சேர்த்தேன்?

மறுநாள் அதைப் படித்த ஹன்னா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பச்சையம்மாளை அழைத்து உட்கார வைத்து, அவளிடம் சொல் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நான்தான். என் பொய்யை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நானே தமிழில் திருப்பிச் சொன்னேன்.

பச்சையம்மாள் முதலில் சிரிக்கவில்லை. "எப்ப?" என்றாள்.

"நேத்து. கெளம்பற நேரத்துல."

"நான் அங்கதான இருந்தேன்?"

அவளே யோசித்தாள். "செருப்பு மாட்டிவுட குனிஞ்சிருந்தேன். அப்பதான் பாத்திருப்பா... இல்ல டீச்சர்?"

"ஆமா," என்றேன்.

கவனித்தீர்களா? என் பொய்யில் இருந்த ஓட்டையை அவளே அடைத்துக் கொடுத்தாள். நான் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

பிறகுதான் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம்மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும், புள்ளைக்கு முடி எறக்கறேன்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினு இருந்தேன்."

சங்கீதாவின் தலையை யாரும் தொட முடியாது. சீப்பு பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பாள். அதை அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்தான் எழுதியிருந்தேன். அப்போதும் எடைபோட்டேன். முடி வளர்ந்துவிடும். வேண்டுதல் அவர்கள் குடும்ப விஷயம். உண்மையைச் சொன்னால் ரோபோ போகும், என் பெயர் போகும்...

பேசாமல் இருந்துவிட்டேன்.

கோயிலருகே முடி இறக்கும் இடத்துக்கு என்னையும் அழைத்தாள். காலை நேரம். சங்கீதாவைத் தாய்மாமன் மடியில் இருத்தினார்கள். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்ததுமே அவள் உடல் வில்லாக வளைந்தது.

"ஆடாம புடிங்கப்பா, கத்தி இருக்குது," என்றார் அவர்.

"டீச்சர், நீங்க கைய புடிங்க," என்றார் மாமன். "உங்ககிட்டதான் பழக்கம்."

பிடித்தேன். பொம்மைக்கு வணக்கம் சொன்ன அந்த இரண்டு கைகளையும் பிடித்தேன். அவள் எழுப்பிய ஒலியை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. பாதித் தலை மழித்த நிலையில் நாவிதரே நிறுத்திவிட்டார். பச்சையம்மாள் சாமியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்... வேணாமா?"

அந்த ஒரு கணம் எனக்குக் கொடுக்கப்பட்டது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இன்னும் கொஞ்சம்தான்," என்றேன் நான்.

அதன்பின் சங்கீதா மையத்துக்குள் நுழையவே இல்லை. வாசல்வரை வருவாள், என்னைக் கண்டதும் சாலையிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டுப் பச்சையம்மாள் அழைத்து வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ரோபோ எங்களிடமே இருந்தது. அந்த வேறிரண்டு குழந்தைகளும் அதனிடம் வணக்கம் கற்று, ஒருநாள் தம் தந்தையரிடமும் கை உயர்த்தினார்கள். அதையும் நான் மறைக்கக் கூடாது. என் பொய்யால் நன்மையும் விளைந்தது. அதனாலேயே அதைத் தூக்கி எறியவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் அடி அண்ணாமலைக்குப் போனேன். மதியம். கடையில் கூட்டம் இல்லை.

"டீச்சரா? என்னங்க இப்படி எளச்சிட்டீங்க?" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டாள் பச்சையம்மாள்.

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து நின்றபடியே சொன்னேன். குறிப்பேட்டை, மூன்று நொடியை, "இன்னும் கொஞ்சம்தான்" என்றதை... எல்லாவற்றையும்.

இடையில் ஒருவர் வந்து சோடா கேட்டார். உடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்ப அன்னிக்கு அவ பாக்கல."

"பாக்கலைங்க."

"நான் குனிஞ்சதால தவறிப்போவல."

"இல்லைங்க. தவறவிட அங்க ஒண்ணுமே நடக்கல."

அவள் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நீண்ட மூச்சு விட்டாள். "ஆறு வருஷம் டீச்சர்! இவளுக்குச் செருப்பு மாட்டறப்பல்லாம் பாதியில நிமிந்து நிமிந்து பாப்பேன். ஒரு தடவ வுட்டுட்டமே, திரும்பவும் வுட்டுடப்போறமேன்னு."

இதை நான் எடைபோடவே இல்லை. எந்தக் கணக்கிலும் இது வரவில்லை. அவள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தபோது எனக்குள்ளும் ஏதோ அவிழ்ந்தது. அழுதேன்.

"அழுவாதீங்க. எங்கண்ணன் காதுல வுழுந்தா உங்கள வெட்டிப்போடுவான்," என்றாள். சிரிப்புபோல ஒன்று வந்து போயிற்று. "மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"ஆமா."

"தல என்னுதா? அவகிட்ட கேளுங்க."

கடையின் உட்புறம் தரையில் சங்கீதா எலுமிச்சம்பழங்களை ஆறாறாக வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. தலைமுடி ஒழுங்கற்றுக் குட்டையாக இருந்தது. அவள் அசந்து தூங்கும்போது தாய்தான் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுகிறாளாம். விழித்திருக்கையில் யாரையும் கிட்ட விடுவதில்லையாம்.

"அவளுக்குப் புரியுங்களா?" என்று கேட்டேன்.

"அத இப்ப கேக்கறீங்க," என்றாள் பச்சையம்மாள்.

தரையில் அமர்ந்தேன். முகம் காட்டாமல், பக்கவாட்டில், சிறிய வாக்கியங்களாகச் சொன்னேன். நான் பொய் எழுதினேன். அதனால் உனக்கு முடி எடுத்தார்கள். உனக்கு வலித்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பழங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் சேர்ந்துகொண்டே இருந்தன.

"உன் கையப் புடிச்சது நான்தான் சங்கீதா."

வரிசை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாக இழுத்துத் தன் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

காத்திருந்தேன். பிறகு பச்சையம்மாள், "போதும் டீச்சர், கெளம்புங்க," என்றாள், கோபமில்லாமல்.

ஆட்டோவில் ஏறியபோது என் உடல் இலேசாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்குப் பசித்தது, வெகு நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. திரும்பிக் கடையைப் பார்த்தேன். வண்டி கிளம்பும்வரை சங்கீதாவின் கைகள் வெளியே வரவில்லை.