தேயிலை போடாத தண்ணீர்

மழை நாளில் எடைக் கொட்டகைக்குள் நின்றால் பச்சைக் கொழுந்து வாசமும் நனைந்த கம்பளி வாசமும் சேர்ந்து அடிக்கும்... அதற்கு நடுவில்தான் அந்த டாக்டரம்மா பேசுவார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். கொட்டகை ஆணியில் சூப்பர்வைசரின் ரேடியோ தொங்கும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் டாக்டரம்மாவின் உடல்நல நிகழ்ச்சி வரும். படித்தவர்கள் குறித்துக்கொள்வார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே மனதில் போட்டுக்கொள்வேன்.

"ஏனப்பா, பரீட்சைக்கா படிக்கறே?" என்று சிரிப்பார்கள்.

ஒரு ஆடி மாதம் எங்கள் செல்விக்கு வயிற்றுப்போக்கு. பத்து மாதக் குழந்தை. கண் உள்ளே போய்விட்டது. மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது... பஸ் இல்லை.

"போற வயித்துக்குத் தண்ணி காட்டாதீங்க" என்றது எங்கள் லைன் வீடுகள் முழுக்க.

டாக்டரம்மா நேர்மாறாகச் சொல்லியிருந்தார். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. என் சம்சாரம் ராசாத்தியிடம் ஒப்பித்தேன்.

கலக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பாக இருந்தது.

"ஏம்புள்ள, இதுல தேயிலை எதுக்கு?"

"கொதிக்க வெச்ச தண்ணின்னு நீங்கதானுங்க சொன்னீங்க... தேயிலை போடாம வெறுந்தண்ணிய எந்தப் பைத்தியக்காரி அடுப்புல வெப்பா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மலையில் அடுப்பில் தண்ணீர் ஏறினால் அது டீக்குத்தான்.

கொட்டிவிட்டு மறுபடி வைத்தோம். லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். எட்டிப் பார்த்தவர்கள், "புள்ளையக் கொல்லப் போறான்" என்று முணுமுணுத்தார்கள். நான் நிறுத்தவில்லை.

'ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க, போனா நல்ல அடையாளம்.' அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபேக்டரியில் மதியச் சங்கு ஊதியபோது மடி சூடாக நனைந்தது. ராசாத்தி சிரித்தாளா அழுதாளா, இன்றுவரை தெரியாது.

நிகழ்ச்சி கேட்டுப் பலன் கண்டவர்களெல்லாம் நன்றி சொல்லி ரேடியோ நிலையத்துக்குக் கார்டு போடுவார்கள். நான் போடவில்லை. எழுதித் தரச் சொல்லக் கூச்சம்.

இப்போது போனைத் தொட்டால் நூறு டாக்டர்கள், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு நல்லது... நான் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது.

டாக்டரம்மா, எங்கே இருக்கிறீர்களோ...

எங்க புள்ள அன்னைக்கே ஒண்ணுக்குப் போயிருச்சுங்க.