பச்சை இருக்கு பாருங்கோ

அறுபதுகளில் ஒரு மத்தியானம், தாராவியில் இருந்த என் மர அறுவைப் பட்டறைக்குள் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். மாதுங்காக்காரர், காட்டு மரங்களின் மரபியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியராம். லாரியிலிருந்து அன்று இறக்கிய தேக்குத் தடிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். தாய்மரமும் தகப்பன்மரமும் தேடிச் சேர்த்து, செம்பூரில் அவரே உண்டாக்கிய மரங்கள் அவை. அவர் டில்லிக்குப் போயிருந்த சமயம் ஆலை கட்டுவதற்காக வெட்டிவிட்டார்கள்.

“ஒரு பச்சைக் கிளை குடுங்கோ, போதும். அதுல ஒரு மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டிப் பொழைக்க வச்சுடுவேன்.”

“கொப்பையெல்லாம் அங்கனயே எரிச்சிட்டாவ சார். இங்க வெறும் தடிதான் வந்திருக்கு.”

“இதுகள் பூக்கறதுக்கே என் பாதி ஆயுசு போச்சு. மறுபடி ஆரம்பிக்க எனக்கு வயசு இல்லே.”

கடைசித் தடியைச் சுரண்டியவர் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஈரமாக இருந்தது.

“பச்சை இருக்கு பாருங்கோ!”

“முளைக்குமா சார்?”

“முளைக்காது” என்றார். என் கையை மட்டும் விடவில்லை.

அவர் போன பிறகு அந்தத் தடியை ரம்பத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அறுத்தோம்.