ஃபேனை அணைத்தவர்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் எலக்ட்ரீஷியன் அவர். சட்டைப்பையில் டெஸ்டர் எட்டிப்பார்க்கும். கர்ப்பமாக இருந்த அவர் மனைவிக்கும் எனக்கும் ஒரே நோய், லூபஸ். எங்கள் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் குறைத்துவிடுமாம். அவர்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே குறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி ஸ்கேன் அறைக்குள் போனதும், வெளியே நாங்கள் காத்திருந்த இடத்தில் ஓடிய ஃபேன்களையெல்லாம் அணைத்தார்.

"இன்னாண்ணா, வேர்த்து ஊத்துது!" என்றேன்.

"கொழந்த ஹார்ட்டு ஸ்லோவா ஓடுதும்மா. நம்ம ஏரியாவுல எது ஸ்லோவா ஓடினாலும் லோ வோல்டேஜ்தான்."

"டாக்டர் அப்டி சொல்லலியே?"

"அவரு மெட்ராஸ்லேர்ந்து வராரு. நம்மூரு கரண்ட பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி வெளியே வந்ததும் ஃபேன்களைப் பொறுப்பாகப் போட்டுவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து, எல்லா ஃபேனையும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.