ஏழாம் இலக்கத்துக்காரி

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்பார்கள்தானே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இறைச்சிக்கடைத் தரை கழுவி, கராஜில் சட்னி காய்ச்சி, இன்று ஹென்டர்சனில் சொந்தக் கட்டடத்தில் முப்பத்தொரு பேருக்கு வேலை கொடுக்கிறவன் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் இந்தத் தவராசாவைத் தவிர வேறு யார்? ஆனால் எழுத உட்கார்ந்தால் என் கதை வர மறுக்கிறது. குணவதிதான் வந்து நிற்கிறார். இரண்டு கிழமையாகப் பார்த்துவிட்டேன், விடமாட்டார் போலிருக்கிறது. ஆகவே இதை அவருக்காக எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் நீராவியில் சூடாகும் பெரிய சட்டிகள் மூன்று உண்டு. நாங்கள் அவற்றைக் கிடாரம் என்போம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. வேலையாள் தன் இலக்கத்தை அமுக்கினால்தான் நீராவி திறக்கும். யார் தொடங்கினார், எத்தனை பாகை வெப்பம், எத்தனை நிமிடம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மேல்மாடி ஒபிசில் வேறொரு கம்ப்யூட்டர். ஓடர், கையிருப்பு, சம்பளம் எல்லாம் அதில். கீழே நடப்பது மேலே தெரியாது. நடுவில் என் மகள் அபிதா ஓர் அட்டையில் கடுதாசியைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவாள்.

"அப்பா, இது ரெண்டையும் சேர்க்க சொஃப்ட்வெயார் இருக்கு. மெஷினும் ஒபிசும் தங்களுக்குள்ள கதைக்கும்" என்றாள்.

"கதைச்சுக் கதைச்சு என்னைப் பற்றிக் கோள் சொல்லாட்டிச் சரி" என்றேன்.

அதைப் பொருத்த வந்தவர் ராம்பிரசாத். கோயம்புத்தூர்ப் பிள்ளை, தகனினியில் புது வீடு வாங்கி, அங்கிருந்து மோட்டர்வேயில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வருவார். ஆறு கிழமை வயர் இழுத்தார். 2024 மார்ச்சில் சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி, இனிக் கீழே நடப்பதெல்லாம் இதில் தெரியும் என்றார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடி நின்றோம். திரை வெளித்தது. முதல் வரி இப்படி வந்தது: இரண்டாம் கிடாரம், 6.10, சமையல் ஆரம்பம், குணவதி.

"சார், இந்த அம்மா யாரு சார்?" ராம்பிரசாத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பெட்டியில இருந்த பழைய டேட்டா மொத்தமும் இழுத்துப் பாத்தேன். ஒரு நாள்கூட லீவு போடல. தினமும் ஆறு பத்து. கூப்பிட்டு ஒரு பொன்னாடை போடுங்க சார்."

அபிதா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அவ செத்து இருபது மாசம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், முதுகு சுவரில் முட்டும்படி ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

குணவதி 2004இல் என்னிடம் வேலைக்கு வந்தார். இலங்கையில், போர்க்காலத்தில், கணவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. பிள்ளை இல்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தார். முதல் ரயிலைப் பிடித்து ஹென்டர்சனில் இறங்கி நடந்து வருவார். நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். கதை குறைவு. ஆறிய போத்தல்களின் மூடியைத் தேக்கரண்டியால் தட்டித் தட்டி, மூடி இறுகியதா என்று சத்தம் கேட்பார். சத்தம் பிடிக்காத போத்தலை எடுத்துத் தனியே வைப்பார். அவர் கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. பதினெட்டு வருடம் இரண்டாம் கிடாரம் அவருடையது. அவருடைய இலக்கம் ஏழு.

2017 ஓகஸ்ட் கடைசியில் இரண்டாம் கிடாரத்தின் வெப்பமானி பழுதாகி, புதியது போட்டோம். சில நாளில் எல்லோருக்கும் முன்னால் குணவதி என்னை மறித்தார்.

"முதலாளி, உந்தப் புது மீற்றர் பொய் சொல்லுது. கூடக் காட்டுது. தண்ணி கொதிக்க வைச்சு ஒருக்காப் பாருங்கோ."

"பொய் சொல்லுறது மீற்றரோ, நீரோ குணவதி?" என்றேன். "மணத்தை வைச்சே நான் சட்னியின்ரை பதம் சொல்லுவன். நான் தண்ணி காய்ச்சிப் படிக்கவேணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன். மறுநாள் அவரை லேபல் ஒட்டுகிற மேசைக்கு அனுப்பினேன். ஒரு மாதம்.

அந்த மாதம் இரண்டாம் கிடாரத்துச் சட்னி கடைகளிலிருந்து திரும்பி வந்தது, மூடி ஊதி. மூடி விற்றவனை நான் தொலைபேசியில் கிழித்தேன். குணவதியைத் திரும்பக் கிடாரத்தடிக்கு விட்டேன். அதோடு ஊதுவது நின்றது. எல்லாம் கைராசி என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. 2022 ஜூலையில், ஒரு திங்கட்கிழமை விடிய முன், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்து போனார். செத்தவீட்டில் பேச என்னைத்தான் கேட்டார்கள். "அவவின்ரை கை ராசிக்கை. அவ தொடங்கின கிடாரம் ஒருநாளும் பழுதானதில்லை" என்று உரக்கச் சொன்னேன். பலர் அழுதார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

இப்போது திரையில் அவர் பெயர். ஒரு நாள் என்றால் மெஷின் பிழை எனலாம். தினமும் ஆறு பத்து. சாப்பாட்டு அறையில் திரைக்கு முதுகு காட்டி இருந்து பார்த்தேன்; பிடரி குளிர்ந்தது. கீழே எங்கோ கரண்டி போத்தல் மூடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. போர்க்காலத்தில் கடல் கடந்த எனக்கு ஒரு பெயரைப் பார்க்கப் பயம் என்று வெளியில் சொல்ல முடியுமா?

ஐந்தாம் நாள் ஐந்தே முக்காலுக்கே போய் மசாலா மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் கிடாரத்தில் இப்போது வேலை பார்க்கும் ரஜிதன் வந்தான். நாற்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கிடாரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். பெட்டியில் ஏழை அமுக்கினான்.

"டேய்!" என்றேன்.

துள்ளி விழுந்தான். "ஐயோ ஐயா! என்ரை சீவன் போயிட்டுது!"

"உன்ரை இலக்கம் பன்னிரண்டெல்லோ? ஏன் ஏழை அமுக்கினனி?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நானோ?"

"செத்தவீட்டில. அக்கா தொடங்கின கிடாரம் பழுதாகாது எண்டு. அண்டையில இருந்து அக்காவின்ரை இலக்கத்திலதான் தொடங்கிறம். நான் வராட்டி மற்றவையும் அப்பிடித்தான். ஒரு போத்தல் திரும்பி வந்ததோ, சொல்லுங்கோ?"

வரவில்லை. அது உண்மை.

இதைச் சொன்னதும் ராம்பிரசாத் தலையில் கை வைத்தார். "சார், சென்டிமென்ட் எல்லாம் சரி. இன்ஸ்பெக்டர் கேட்டா, செத்தவங்க சமைச்சாங்கன்னா சொல்லுவீங்க? திங்கக்கிழமை சம்பள லிஸ்டையும் மெஷினையும் சேக்குறேன். லிஸ்ட்ல இல்லாத பேர் தானா அழிஞ்சிடும்."

"அழியும்" என்றேன். என் குரல்தான் அது. சொன்னதும் நெஞ்சு இலேசானது போலிருந்தது.

திங்கள் காலை திரையில் ரஜிதனின் பெயர் வந்தது. அன்று எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கியது. திங்களும் செவ்வாயும் இரண்டாம் கிடாரத்தில் ஆறாயிரம் போத்தல் மாங்காய்ச் சட்னி. புதன் இரண்டு மணிக்கு லொறி வந்து, பெரிய கடைக்காரரின் களஞ்சியத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

புதன் பகல் ஒரு மணிக்கு ராம்பிரசாத் என்னைத் தேடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"சார், ஒண்ணு காட்டணும். கிடாரத்துல வெப்பம் பாக்குறோம். போத்தல்ல ஊத்துற இடத்துல இன்னொரு வெப்பமானி இருக்கு. அது இதுவரைக்கும் தனி நோட்டுல இருந்துச்சு. ரெண்டையும் யாரும் பக்கத்துல வச்சுப் பாத்ததே இல்ல. இப்பதான் ஒரே திரையில வருது. திங்கக்கிழமையிலேர்ந்து கிடாரம் தொண்ணூறுங்குது, ஊத்துற இடம் எண்பத்து மூணுங்குது. எண்பத்தஞ்சுக்குக் கீழ ஊத்துனா சட்னி கெட்டுப்போயிடும். நடுவுல நாலடி குழாய்தான். ஏழு டிகிரி எங்க போச்சு?"

"முந்தி?"

"அதான் சார் விஷயம். பெட்டியில ஒவ்வொருத்தர் நம்பருக்கும் தனியா நேரம் வச்சுக்கலாம். ஏழாம் நம்பர்ல அந்த அம்மா நாலு நிமிஷம் கூட்டி வச்சிருக்காங்க. தொண்ணூறு காட்டின பிறகும் நாலு நிமிஷம் கொதிக்கும். அந்த நம்பரை அமுக்குன வரைக்கும் ஊத்துற இடத்துல ஒரு நாள்கூட எண்பத்தெட்டுக்குக் கீழ போகல. நாம அழிச்சோம். நாலு நிமிஷமும் சேந்து போச்சு."

எழுந்து கீழே போனேன். இரண்டாம் கிடாரத்தைக் கழுவித் தண்ணீர் விடச் சொன்னேன். நீராவி திறந்தார்கள். வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள், குணவதி என்னை மறித்த அன்றைக்கு மாதிரியே. தண்ணீர் குமுறிக் கொதித்தது. பெட்டியில் நூற்றாறு என்று நின்றது.

தண்ணீர் நூறில் கொதிக்கும். அதற்கு ஐந்தாம் வகுப்புக்கூட வேண்டாம்.

ராம்பிரசாத் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "இதையும் பாருங்க சார். பழைய பதிவு. பொருள் எதுவும் இல்ல, வெறும் கொதிப்பு. ஏழாம் நம்பர். நூற்றாறு. நான் முதல்ல ஏதோ குப்பைன்னு ஒதுக்கி வச்சேன். ஐம்பத்தெட்டு தடவை இருக்கு. மாசாமாசம் முதல் திங்கக்கிழமை, ஐந்தே முக்காலுக்கு. 2017 செப்டம்பர்லேர்ந்து 2022 ஜூன் வரைக்கும்."

ஐம்பத்தெட்டு முறை. ஒவ்வொரு மாதமும் தனியே வந்து, தண்ணீர் கொதிக்க வைத்து, பொய் இன்னும் பொய்யாகத்தான் இருக்கிறதா என்று பார்த்து, ஊற்றிவிட்டு, ஆறு பத்துக்கு வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தவர்தானே. ரயில் மேடையில் அவர் விழுந்த நாளும் ஒரு மாதத்தின் முதல் திங்கட்கிழமை.

வெளியே லொறி பின்பக்கமாக வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. அபிதா ஓடி வந்தாள்.

"அப்பா, ட்ரக் வந்திட்டுது. ஏத்துறதோ?"

"எல்லாம் புளிப்பான சட்னிதானே ஐயா, ஒண்டும் ஆகாது" என்றான் பின்னால் ஒருவன். அவனையும் நான்தான் அப்படிப் பழக்கினேன்.

ஆகாமலும் போகலாம். யாருக்கும் தெரியாமலும் போகலாம். ஏற்றாவிட்டால் கடைக்காரருக்குக் காரணம் சொல்லவேண்டும், உணவு அதிகாரிகளுக்கு எழுதவேண்டும். ஹென்டர்சன் தவராசாவின் கிடாரம் ஆறரை வருடமாகப் பொய் சொன்னது என்று ஊர் சிரிக்கும். முப்பத்து மூன்று வருடப் பெயர். கிடாரத்துத் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்குள் யாரோ நின்று என் வாயைப் பார்ப்பது போலிருந்தது.

"திருப்பி அனுப்பு. ஆறாயிரத்தையும் உடைச்சு ஊத்துங்கோ" என்றேன்.

உணவு அதிகாரிகளுக்கான படிவத்தை அபிதாதான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்து வாசித்துத் தமிழில் கேட்டாள்.

"பிழையை முதல் கண்டுபிடிச்சது எப்ப?"

"2017 செப்டம்பர்."

"அப்பா, அப்பிடிப் போட்டால்..."

"போடு."

"கண்டுபிடிச்ச ஆள்?"

"குணவதி. இரண்டாம் கிடாரம். இலக்கம் ஏழு."

அவள் அடித்தாள். அந்தப் பெயர் மறுபடி திரையில் எழுத்தெழுத்தாக வந்தது. இந்த முறை நான் முதுகைத் திருப்பவில்லை.

"அவ சொன்ன பிறகு, நிர்வாகம் எடுத்த நடவடிக்கை என்ன எண்டு கேக்குது."

"லேபல் மேசைக்கு அனுப்பினது."

அபிதாவின் விரல்கள் நின்றன. "அப்பா, இதையும் எழுதிறதோ?"

"ஓம்" என்றேன். "அதையும் எழுது."