அவள் வரமாட்டாள் என்று சொன்னேன்

எதிலும் கெட்டதையே எதிர்பார்ப்பதை வெகுகாலம் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். மேகம் கறுத்தால் போதும், கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பேன். சொன்னபடியே தண்ணீர் நின்றுவிட்டால் எனக்குப் பரம சந்தோஷம். என் மனைவி நேர் எதிர். சாயங்கால நெரிசலில் மாட்டுங்கா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "காலியா வரும் பாருங்கோ" என்பாள். காலியாக வராது. ஆனால் அவள் சிரித்த முகத்தோடு ஏறுவாள், யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். கடுகடுவென்று ஏறும் நான் செம்பூர் வரை கம்பியில் தொங்குவேன்.

போன வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வாரக்கணக்காக அவள் கீழே இறங்கவேயில்லை. நவராத்திரி வந்ததும், செம்பூரில் தன் அக்கா வீட்டுக் கொலுவில் பாடியே தீருவேன் என்றாள். அதைச் செய்துவிட்டால் பழைய மனுஷியாகிவிடலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

"டாக்டரே படி ஏறலாம்னுட்டார்" என்றாள்.

"அக்காவாத்துக்கு ரெண்டு மாடி ஏறணும்னு அவருக்குத் தெரியுமோ?"

"எல்லாம் நடந்துடும், ன்னா. நீங்க வாயை வெக்காதீங்கோ."

வாயை வைக்கவில்லை, போனை எடுத்தேன். அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அக்காவைக் கூப்பிட்டு, "அவளால முடியாது, காத்திண்டிருக்காதீங்கோ" என்றேன். அக்கறையில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அன்று டிவியில் கிரிக்கெட் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் மாடி வருவதற்குள் திரும்பிவிடுவாள் என்று பின்னாலேயே இறங்கினேன். அவளோ கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி, நின்ற இடத்திலெல்லாம் அண்டை வீட்டாரிடம் குசலம் விசாரித்து, டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் கூடவே ஏறினேன்; அதன்பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

செம்பூரில் இரண்டு மாடியும் ஏறினாள். வேர்த்து விறுவிறுத்து, வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தால் கதவில் பூட்டு.

அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ஏண்டி, நீ வரமாட்டேன்னு உங்காத்துக்காரர்தானே சொன்னார்! நான் வேற ஆத்துக் கொலுவுக்கு வந்துட்டேன்" என்றாள் அக்கா, மாடி முழுக்கக் கேட்கும்படி.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பூட்டைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மராத்திப் பெண் நாற்காலி கொண்டுவந்து, "பைட்டோ நா, ஆன்ட்டி" என்று உட்காரவைத்தாள். "அக்கா வர வரைக்கும் சும்மா ஏன் இருக்கணும்?" என்று மனைவி அங்கேயே பாட ஆரம்பித்தாள். மேலும் கீழும் கதவுகள் திறந்தன. அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தபோது படியெல்லாம் ஆட்கள். மனைவி உள்ளே போய்ப் பொம்மைகளுக்கு முன்னால் இன்னொரு பாட்டுப் பாடி, சுண்டலும் வாங்கிக்கொண்டாள். எனக்கு யாரும் சுண்டல் நீட்டவில்லை.

திரும்பும்போது மாடிப்படியின் உச்சியில் நின்று, "தப்புத்தான், மன்னிச்சுடு" என்றேன்.

"மன்னிப்பு அப்பறம். நீங்க முன்னாடி இறங்குங்கோ. நான் விழமாட்டேன். அப்படி விழுந்தாலும் உங்க மேல விழறேன்."

முன்னால் இறங்கினேன். நல்லதே நடக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக மனதார நம்பிக்கொண்டே.