கோயிலுக்குப் போகாத டயர்

எங்கள் வண்டிக்கு எந்த டயர் போடுவது என்பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. பெரியப்பாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருந்தது, வண்டியில் ஏறினாலே தலை சுற்றுகிறதென்று பஸ்ஸில் மட்டும் போகிற அத்தைக்குக்கூட இருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கும் இருந்தது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு தினமும் மலையிறங்கி மலையேறுகிற என் அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று அம்மா காத்திருக்கவும் இல்லை.

வண்டி அப்பா வாங்கிய பைக். அப்பா போர்வெல் போடுகிற லாரியில் வேலைக்குப் போய் வடக்கே சத்தீஸ்கர் பக்கம் மாதக்கணக்கில் கிடப்பார். வண்டி சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கும். நின்று நின்று துருப்பிடிப்பதற்கு நாம் ஓட்டினால்தான் என்ன என்று அம்மாவுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். பிறகு கொல்லிமலைக் காட்டுக்காரர்களிடம் மிளகும் சாமையும் வாங்கி, மூட்டை கட்டி, கீழே காளப்பநாயக்கன்பட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தாள். சுடிதார், அதற்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, பின்னால் மூட்டை, லீவு நாளானால் மூட்டைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். அம்மா வியாபாரம் செய்கிறாள் என்று எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. வண்டி ஓட்டுகிறாள் என்றுதான் சொல்வார்கள், அதையும் ஒரு இழுப்பு இழுத்துச் சொல்வார்கள்.

மழைக்காலம் தொடங்கிய புதிதில் அம்மா விழுந்தாள். டயர் இரண்டும் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தன. ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் சிராய்த்தது, மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் மிளகு. குரங்குகள் இறங்கி வந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, காரம் தாங்காமல் துப்பிவிட்டு அம்மாவை முறைத்தனவாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி பெரக்கரை நாடு வரைக்கும் போய்விட்டது.

பெரக்கரை நாட்டில்தான் பெரியப்பா வீடு. மேலூடு என்போம். தார் ரோடு முடிந்து, செம்மண் தடத்தில் ஏறிப் போகவேண்டும். நாங்கள் தார் ரோட்டோரம் வாடகை வீட்டில் இருந்தோம். பெரியப்பா மறுநாளே இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தீர்ப்புச் சொன்னார். வண்டிக்குப் பட்டன் டயர் போட வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றை அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இன்னொருக்கா உளுந்தீன்னா வண்டி மேலூட்டுக்கு வந்துரோணும் அம்மிணி. அப்பறம் நீயும் புள்ளயும் இங்க தனியா எதுக்கு?"

இதன் அர்த்தம் எனக்கே தெரியும். வண்டி போனால் வியாபாரம் போகும். வியாபாரம் போனால் மேலூட்டில் போய் அவர்கள் மரவள்ளிக் காட்டில் களை வெட்டி, அவர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அம்மா முழங்கால் கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பட்டன் டயர் என்றால் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். சேற்றிலும் மண்ணிலும் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கானது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், அதைத்தான் போட்டிருந்தான். அவன் வண்டி வந்தால் வளைவுக்கு அந்தப் பக்கமே உறுமல் கேட்கும். எங்கள் வண்டியும் அப்படி உறும வேண்டும் என்று எனக்கு உயிர் போகிற ஆசை.

பெரியப்பாவின் காரணம் வேறு. எங்கள் குலசாமி கோயில் மேலூட்டைத் தாண்டி இருக்கிறது. வருசத்துக்கு ஒரு பூசை. அன்றைக்கு வகையறாவில் யார் யாரிடம் வண்டி இருக்கிறதோ அத்தனையும் கோயில் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். பூசாரி ஒவ்வொன்றுக்கும் திருநீறு பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தால் அந்த வருசத்துக்குச் சாமி காவல். ஆக, செம்மண் தடத்தில் ஏறக்கூடிய டயர்தான் டயர். வருசத்தில் ஒரே ஒருநாள் போகிற பாதைக்காக மிச்ச நாளெல்லாம் ஓடுகிற டயரைத் தேர்ந்தெடுத்தார்கள் எங்கள் ஆட்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவிடம் போனில் கேட்டோம். பின்னால் மெசின் இரைச்சல். தன் அண்ணன் சொன்னால் போட்டுவிட வேண்டியதுதானே என்று கத்தினார். கேட்கவில்லை என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்து அம்மா செய்த காரியத்தில் என் மானம் போயிற்று. சந்தை நாளில் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். விரலை வெட்டுக்குள் விட்டு ஆழம் பார்த்தாள். வண்டிக்காரர் வந்தால் விடமாட்டாள். ஏனுங்க, மழையில வழுக்குதுங்களா, கனம் வெச்சா ஆட்டுதுங்களா, எத்தன நாளு வந்துச்சுங்க என்று கேட்டாள். திருடியோ என்று முதலில் முறைத்தவர்கள்கூட ஐந்து நிமிசத்தில் தானும் குந்தி உட்கார்ந்து டயரைக் காட்டினார்கள். என்னோடு படிக்கிறவள் ஒருத்தி தன் அம்மாவோடு அந்தப் பக்கம் போனாள். நான் ஒரு ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அன்றைக்கு அம்மா கண்டுபிடித்ததை வீடு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டன் டயர்க்காரர்கள் எல்லோருக்கும் நடுப் பட்டன் தேய்ந்து சப்பையாகிக் கிடக்கிறது, ஓரத்துப் பட்டன் புதுசு போல இருக்கிறது. ஒருத்தரும் சேற்றுக்குள் போவதே இல்லை, எல்லோரும் தார் ரோட்டில்தான் ஓட்டுகிறார்கள். அதுவும் ஈரத் தாரில் வளைவில் சாய்த்தால் அந்தக் கட்டைகள் நொடித்து வழுக்கிவிடுகின்றனவாம். அதை அவர்களே அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னே எதற்குப் போட்டார்களாம் என்று கேட்டேன். சத்தத்துக்கு என்றாள் அம்மா.

பெரியப்பா மறுபடி வந்தபோது, பட்டன் டயர் வேண்டாமென்று அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சாமிகிட்டப் போகாத டயர் எதற்கு என்று அவர் கேட்டார்.

"சாமிகிட்ட நடந்து போயிக்கலாமுங்க மாமா. மூட்டையத் தூக்கிட்டுக் கீழ நடந்து போவ முடியாதுங்க."

பெரியப்பா காப்பி குடிக்காமலே எழுந்து போனார்.

காளப்பநாயக்கன்பட்டியில் டயர்க் கடைக்காரரும், கொல்லிமலை வண்டி என்றதும், கேட்காமலே பட்டன் டயரைத்தான் உருட்டிக்கொண்டு வந்தார். மலையில ரோடு போட்டு ரொம்ப வருசமாச்சுங்க என்றாள் அம்மா. பழைய டயரைக் கழற்றச் சொல்லி, அதன் இரண்டு ஓரமும் தேய்ந்திருப்பதை அவருக்குக் காட்டினாள். நாள் முழுக்க வளைவிலேயே சாய்ந்து ஓடுகிற வண்டி. ஓரத்திலும் ரப்பர் இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் வெளியே ஓட வெட்டு இருக்க வேண்டும், பின்டயர் மூட்டைக் கனம் தாங்க வேண்டும். அவர் பரண்மேலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அம்மா வளைத்துப் பார்த்தாள். வெட்டுக்குள் நூல் நூலாக வெடிப்பு. பழைய சரக்கு என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அவருக்கு அலுத்துப்போய், அவள் கேட்டது போலவே இரண்டை எடுத்து மாட்டினார். புது டயர் மேல் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும், அது போகிற வரைக்கும் மழையில் பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அழுகையாக வந்தது. கீழே ஓடுகிற சாதாரண வண்டிகளின் டயர் போலத்தான் இருந்தது அது.

மறுநாளே கோயில் பூசை. தார் ரோடு முடிகிற இடத்தில் அம்மா வண்டியை நிறுத்திப் பூட்டினாள். தேங்காய்ப் பழக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முந்தின நாள் மழையில் தடம் கொழகொழவென்று கிடந்தது. பாதி வழியில் அண்ணன் வண்டி சேற்றில் புதைந்து நின்றது. ஆறேழு பேர் சேர்ந்து, சிரித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் டயரைக் குறை சொல்லவில்லை. பட்டன் டயர் சிக்கினால் அது சேற்றின் குற்றம். ரோட்டு டயர் வழுக்கினால் அது என் அம்மாவின் குற்றம். அம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தாள்.

பூசை முடிந்து, பூசாரி எலுமிச்சம்பழம் கொடுக்கும்போது அம்மா கை நீட்டினாள். கோயிலுக்கு வராத வண்டிக்குப் பழம் கிடையாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். அம்மா நீட்டிய கையை மடக்கினாள். அவள் முகம் சிவந்துவிட்டது. கூடையில் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சம்பழம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தடத்தில் இறங்கினாள், பின்னாலேயே நான். தார் ரோட்டில் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்து, தானே ஏறி உட்கார்ந்து உதைத்து, நசுக்கிக்கொண்டு நகர்ந்தாள். எங்களைத் தொடர்ந்து பெரியம்மாவோடு வந்த பெரியப்பா மேட்டில் நின்று, பொம்பளை செய்கிற வேலையா இது, சாமி சும்மா விடுமா என்று கத்தினார்.

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேனுங்க மாமா."

அப்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டியில் அன்றைக்குக் கீழே சேர்க்க வேண்டிய மிளகு மூட்டை இருந்தது. மழை விட்டதும் போ என்றார் பெரியப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது, கேலியாக இல்லை. பெரியம்மா பிள்ளையையாவது விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள். மேலூட்டில் விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு ஏறி, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மழைக்கென்றுதான் இந்த டயரை வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள்.

மலையிறக்கம் முழுக்கத் தண்ணீர் ரோட்டோடு கூடவே ஓடி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அம்மா வேகத்தைக் குறைத்து, மெல்லச் சாய்த்து, நிமிர்த்தி இறக்கினாள். புது டயரின் பூச்சு இன்னும் போயிருக்கவில்லை. எனக்குக் கோபம், பட்டன் டயர் போட்டிருந்தால் இந்நேரம் உறுமிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்போம். அவள் விழுந்த வளைவு வந்தபோது என் கைக்கு அடியில் அவள் வயிறு பலகை போல இறுகியது. குளுருதாம்மா என்று கேட்டேன். ம் என்றாள்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். மழை அங்கே தூறலாகியிருந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ சட்டைமேல் சிந்தியது. அவ்வளவு குளிரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அப்படிக் குளிரவில்லை. இதுதான் நல்ல சமயம் என்று நினைத்துக் கேட்டேன்.

"அடுத்த தடவ டயரு தேஞ்சா பட்டன் போடலாமாம்மா?"

அம்மா கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தாள். அடுத்த தடவயா என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். எதிரே நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்பாவின் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"தேயட்டும் சாமி, தேயற வரைக்கும் ஓட்டுவோமில்ல. அடுத்த தடவ வரட்டும், பாக்கலாம்."

அம்மா ஒருவழியாகப் பட்டன் டயருக்குச் சம்மதித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோசம். காளப்பநாயக்கன்பட்டி போய்ச் சேரும்வரை அவள் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே போனேன்.